டேஷ்போர்டில் பொட்டு இல்லை!

"ஐயோ... மொதலாளீ!"

வீரய்யாவின் அலறல் கேட்டு, பதுளை பஸார் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பாணோடு கராஜுக்குள் ஓடினார்கள்.

1974 அக்டோபர். காலை ஏழரை மணி.

உள்ளே பச்சை நிற எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றதில் இல்லை.

இரண்டுமே கராஜ் முதலாளி மர்ஸூக்குடையவை. இரண்டுமே அசையவில்லை!

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாஹித் வந்தார். சாய்ந்து கிடந்த ஜாக்கியைப் பார்த்தார். மெக்கானிக் வீரய்யாவைப் பார்த்தார்.

"ஜாக்கி வெச்சது யாரு?"

"நாந்தாங்க ஐயா."

"நேத்து காலைல மொதலாளியோட சண்டை போட்டதும் நீதானாமே?"

"ஆமாங்க. சீமையிலருந்து பார்சல்ல ஒரு புஸ்தகம் வந்துச்சுங்க. இலங்கைக்கே அது ஒண்ணுதானாம். இந்தக் காரு மொத மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆக்குறதுக்கு. எந்த எடத்துல என்ன பெயின்ட்டு, என்ன ஸ்க்ரூ... எல்லாம் படத்தோட இருக்கும். டேஷ்போர்டு ஸ்க்ரூ தலையில ஒரே கோடுதான் இருக்கணுமாம். நான் கூட்டல்குறி உள்ளத போட்டுட்டேன். அம்புட்டையும் கழட்டுன்னாரு. கோவம் வராதுங்களா?"

"எவ்வளவு கோவம்?"

"கழட்டுற அளவுக்குத்தாங்க."

வாஹித் சிரிக்கவில்லை. சிரித்ததாக ஸ்டேஷனில் பதிவும் இல்லை.

"புத்தகம் எங்க?"

"இந்த மேசையிலதாங்க இருந்துச்சு..."

மேசை காலி!

பின்பக்க வீட்டுக் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அழுகைக் குரல் வந்தது. மர்ஸூக்கின் மனைவி ஜெனீரா.

"சேர்... நான் நேத்து வெலிமடைக்கு உம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இல்லாட்டி அவர் மௌத்தாகியிருக்க மாட்டார். வீரய்யாவக் கூட்டிப் போகாதீங்க. அவன் எங்கட வீட்டுப் புள்ள மாதிரி."

"ஜாக்கி வெச்சவன் அவன். சண்டை போட்டவனும் அவன். பகல் பன்னெண்டு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தணும். அதுக்குள்ள வேற ஆள் கெடைக்காட்டி இவன் மறியல் ஜெயிலுக்குத்தான் போவான்."

வீரய்யா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா... நமுனுகுல தோட்டத்து லயத்துல எம் பொஞ்சாதி ஜெயலெட்சுமி நெறமாசமா இருக்கா. நான் மறியலுக்குப் போனா அவ செத்துருவாங்க!"

வாஹித் காரைச் சுற்றி நடந்தார். ரேடியேட்டரில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரங்களிலும். ஜாக்கியிலும். மூலையில் கிடந்த மரக்கட்டைகளில்கூட...!

"என்ன இதெல்லாம்?"

"நேத்து ஆயுத பூசைங்க. பகல் ரெண்டு மணிக்குப் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிட்டு மூணு மணி பஸ்ஸுல போயிட்டேன். பொட்டு வெச்ச சாமான மறுநா காலைல நான் வந்து எடுக்குற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது. மொதலாளி இஸ்லாம் மார்க்கத்துக்காரருதான். ஆனா ஒரு சுத்தியலக்கூடத் தொடமாட்டாரு. பொரி கடலையே அவருதாங்க வாங்கித் தருவாரு."

"கட்டைங்க மூலையிலயா இருந்துச்சு?"

"ஐயோ, காருக்கு அடியில முட்டுக் குடுத்திருந்தேங்க! அப்பிடியேதான் பொட்டு வெச்சேன்."

வாஹித் நின்றார்.

முட்டுக்கட்டையை யாரோ உருவியிருக்கிறார்கள்!

"வேற எங்க பொட்டு வெச்ச?"

"டேஷ்போர்டு நடுவுலங்க."

வாஹித் குனிந்து பார்த்தார்.

டேஷ்போர்டு பளபளத்தது. பொட்டைக் காணோம்!

வெளியே ஹார்ன் சத்தம். கறுப்பு எம்.ஜி. ஒன்று வந்து நின்றது. ஊவா மாகாணத்திலேயே இந்த ஜாதிக் கார் இரண்டுதான். இரண்டாவதின் சொந்தக்காரர், பண்டாரவளை அலவி ஹாஜியார், கண்ணைத் துடைத்தபடி இறங்கினார். அசல் மாறாத பழைய கார்களுக்கான போட்டியில் மூன்று வருடமாகக் கப் வாங்கியவர். அடுத்த போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில்.

"இன்னாலில்லாஹி... மர்ஸூக் எனக்குத் தம்பி மாதிரி சேர்!"

"அவர்ட புத்தகத்தக் காணோம் ஹாஜியார்."

"என்ன புத்தகம்? நான் கண்ணாலயும் கண்டதில்ல!"

"பரவாயில்ல. போட்டிக்கு இந்தக் காரையும் அனுப்பிரலாம்னு இருக்கேன். மர்ஸூக் ஆசப்பட்டது. வீரய்யா, அந்தக் கூட்டல்குறி ஸ்க்ரூவெல்லாம் கொண்டா."

வீரய்யா விழித்தான். கொண்டுவந்தான்.

வாஹித் கார் ஸீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினார். அலவியின் நெற்றியில் வியர்வை.

இரண்டாவது ஸ்க்ரூ.

அலவி கைக்குட்டையைத் தேடினார். எடுத்தவர், ஏனோ சட்டென்று உள்ளே திணித்துக்கொண்டார்.

"இந்த ஸ்க்ரூதான் சரி ஹாஜியார். புத்தகத்துல நாப்பத்தொண்ணாம் பக்கம் போட்டிருக்காம்."

அலவி உதட்டைக் கடித்தார்.

"வீரய்யா, குங்குமம் இருக்கா? நடுவுல பெருசா ஒண்ணு வெச்சுவிடு."

வீரய்யாவின் விரல் டேஷ்போர்டை நெருங்கியது. இன்னும் ஓர் அங்குலம்... அரை அங்குலம்...

"நிறுத்துடா!" அலவி கத்தினார். "நாப்பத்தொண்ணு இல்ல சேர், அம்பத்தாறாம் பக்கம்! ஸ்க்ரூவுக்கு ஒரே கோடு! டேஷ்போர்டுல ஒரு புள்ளிகூட இருக்கப்படாது!"



வாஹித் மெதுவாக இறங்கினார்.

"கண்ணாலயும் காணாத புத்தகத்துல பக்கம்கூட மனப்பாடமா ஹாஜியார்? இலங்கைக்கே ஒரு பிரதிதான் வந்திருக்கு. கைக்குட்டையக் கொஞ்சம் காட்டுங்க."

வெள்ளைக் கைக்குட்டை. நடுவில் குங்குமச் சிவப்பு!

கறுப்புக் காரின் ஸீட்டுக்கு அடியில் புத்தகம் கிடைத்தது.

அலவி தலையைத் தொங்கப்போட்டார்.

"நேத்து பின்னேரம் அசர் தொழுகை நேரம் வந்தேன் சேர். என்ட கார்ல சேஸிஸ் நம்பர் தகடு இருக்கிற எடமே தப்புன்னு படத்தக் காட்டினான். சேஸிஸ் ஒரு கார்ட, மேல்கூடு இன்னொரு கார்டயாம். அசல் காரே இல்லையாம். மூணு கப்பையும் திருப்பிக் குடுன்னான். ஞாயித்துக்கிழம எல்லாருக்கும் காட்டுவேன்னுட்டு, தன்ட கார்ல அந்தத் தகடு எங்க இருக்குன்னு காட்ட டோர்ச் அடிச்சிக்கிட்டு அடியில நொழஞ்சான்... கட்டைய உருவிட்டு ஜாக்கிய எத்திட்டேன்."

"சரி. போறதுக்கு முந்தி ஏன் பொட்டத் தொடச்சீங்க?"

"கொல, கோபத்துல நடந்துபோச்சு சேர். பொட்டு... அசல் டேஷ்போர்டுல அதப் பாத்துக்கிட்டுச் சும்மா போக மனசு வரல."

வாஹித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வீரய்யா பொட்டு வெச்சதத் தானே அழிக்கமாட்டான். மர்ஸூக் தொடவே மாட்டார். அழிச்சவன் மூணாவது ஆள்னு அப்பவே தெரியும். யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டுக்குப் போனது அலவி. வீரய்யா திரைப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழாத வீரய்யா," என்றாள் ஜெனீரா, அழுதுகொண்டே. "அவர் இருந்தா வைக்கச் சொல்லியிருப்பார். வெச்சிட்டுப் போ."

வீரய்யா டேஷ்போர்டின் நடுவில் பொட்டு வைத்தான். ஜெயலெட்சுமியைப் பார்க்க அடுத்த பஸ்ஸுக்கு ஓடினான்.

கோர்ட் முடிந்து, மாலையில் லொக்கப்பிலிருந்து அலவியின் குரல் வந்தது.

"சேர்... சுண்ணாம்பு உரியுது. கம்பி துருப்புடிச்சிருக்கு. பூட்டு எந்தக் காலத்துப் பூட்டோ... மனுசன் இருக்கிற எடமா இது?"

வாஹித் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"வெள்ளைக்காரன் கட்டின நாள்லருந்து ஒரு ஆணிகூட மாத்தல ஹாஜியார். சந்தோசமா இருங்க... எல்லாமே ஒரிஜினல்!"