பென்சில் கோடு விழுந்த லேபிள்

சூப்பர்வைசர் செத்துப்போயிருந்தார்.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வாய் திறந்தபடி, ஒரு கை டிரம்மின் மேல்...

கிடங்கின் கதவுகளைத் திறந்துவிட்டும் நெடி போகவில்லை. இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரம்மைச் சுற்றி வந்தார். லேபிளில் இருந்தது டெட்ராஹைட்ரோஃப்யூரான் என்ற கரைப்பானின் பேர். உள்ளே இருந்தது அமிலம்; தொட்டியில் ஊற்றியதும் விஷப்புகை கிளம்பியிருக்கிறது.

யாரோ லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்!

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். பேரை உரக்கப் படிக்கிறவன்தான் டிரம்மைத் திறந்து ஊற்ற வேண்டும். ஒரு மாதமாகப் படிக்கிறவன், துண்டு.

துண்டு மூட்டை தூக்குகிறவன். நாற்பதைத் தாண்டி எழுத்துக் கற்றவன். நீளமான பேர்களை வெட்டி வெட்டி வாயில் போடுவான். அதனால் அந்தப் பட்டப்பேர். இன்று அவனுக்கு இடுப்புப் பிடிப்பு. அவன் படிக்க, சூப்பர்வைசரே ஊற்றினார்.

இன்ஸ்பெக்டர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்தார்.

எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய பென்சில் கோடுகள்!

"இது மச்சான் வேலைதான் சார்." கிடங்கு கிளார்க் பெருமூச்சு விட்டான். துண்டுவின் தங்கை புருஷன். "கோடு போட்டாத்தான் அவருக்குப் படிக்க வரும். பாவம், அவசரத்துல மாத்தி ஒட்டிட்டார் போல."

விலங்கு எடுத்து வர ஆள் போய்விட்டது. லேபிளை ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று துண்டு கெஞ்சி வாங்கினான்.

உதடு அசைந்தது. நின்றது.

"ஐயா, இது என் வெட்டு இல்லீங்க."

"எப்படி?"

"நான் டெட்ரா ஒரு வாய், ஹைட்ரோ ஒரு வாய், ஃப்யூரான் ஒரு வாய். இவன் டெட்டுன்னு வெட்டிட்டு, அடுத்தது ராஹைட்டுன்னு வெட்டியிருக்கான். இப்படி வெட்டினா வாய் சுளுக்கிக்கும்."

இன்ஸ்பெக்டர் கோடில்லாத லேபிள் ஒன்றைக் கிளார்க்கிடம் நீட்டினார்.

கிளார்க் சிரித்தான். தொண்டையைச் செருமினான்.

"டெட்... ராஹைட்... ரோஃப்யூ..."

நிறுத்திவிட்டான். ஆனால் லேட்!

ஒவ்வொன்றாய்க் கொட்டினான். பத்து வருஷம் டிரம்மின் நிறத்தைப் பார்த்தே பேர் சொன்னானாம். போன மாதம் எல்லாமே நீலத்தில் வந்து இறங்கின. சூப்பர்வைசர் படிக்கச் சொன்னார். நீளமான பேர்களில் திக்கினான். படிக்கிற வேலை மச்சானுக்குப் போனது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் லேபிளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கோடு போட்டுப் பழகினானாம். வாய் வரவில்லை. மனசில் வேறு யோசனை வந்தது. கோடு போட்ட அதே லேபிளை அமில டிரம்மில் ஒட்டினான்.

"சூப்பர்வைசர் மேல அவ்வளவு கோபமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர் மேல என்ன சார் கோபம்... தங்கமான மனுஷன்."

கிளார்க்கின் கண் துண்டுவின் மேல் நின்றது.

"இவர்தான் ஊத்தியிருக்கணும். மூட்டை தூக்கறவர் சார்! வீட்டுல சோறு போடும்போதுகூட அவ, 'எங்கண்ணன் எப்படிப் படிக்குது தெரியுமா'ங்கறா. எனக்குச் சோறு இறங்குமா?"

துண்டுவுக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று.

"மாப்ள... கேட்டிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேனே."

"அதைவிட இது பரவாயில்ல," என்றான் கிளார்க், விலங்குக்குக் கையை நீட்டியபடி.

ஜீப் கிளம்பும் நேரம். ஸ்டேஷன் ரைட்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், ரிப்போர்ட்ல கொலைகாரன் பேரை எழுதிட்டேன். இந்த மருந்து பேருதான்..."

இன்ஸ்பெக்டர் துண்டுவைப் பார்த்து ஜீப்பின் முன்சீட்டைக் காட்டினார்.

"ஏறுங்க வாத்தியாரே. ஸ்டேஷன்ல எங்களுக்கெல்லாம் வயசு நாற்பதுக்கு மேலதான்."