ஒரு வேலை மிச்சம்

ஷட்டவுன் கொடுத்த பிறகும் கணினியின் விசிறி நிற்கவில்லை. அதைவிட, ஒரே சீராக ஓட வேண்டிய அது, சளி பிடித்தவர் மூச்சுவிடுவதுபோல இழுத்து இழுத்து இரைந்துகொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல். சூடேறிய பிளாஸ்டிக்கும் ஆறிப்போன டீயும் சேர்ந்து நாறிய சோதனை அறையில் அவளும், சீனியரான தாடி அண்ணனும் மட்டும். கறுத்த திரையில் காலையிலிருந்து அதே வரி: ‘ஒரு வேலை மிச்சம். காத்திருக்கிறேன்.’ எந்த வேலை என்று சொல்லித் தொலைக்காது.

விடிந்தால் புது லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீடு. நிற்க மறுக்கும் இந்த பக், இந்த நிரல் பிழை, அவள் தலையில். அதைத் தீர்த்து மூடாவிட்டால் உன் வேலை நிரந்தரமில்லை என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். திரும்பிப்போக வேறு வாசல் கிடையாது.

“‘எங்க மெஷின்ல வரலை’ன்னு எழுதி மூடிடும்மா,” என்றார் தாடி, டீயைக் கலக்கியபடி.

“நாளைக்கு எவனுக்காவது நிக்காம ஓடினா? உங்க தாடியைப் பிடிச்சுத் தொங்குவானா?”

“தொங்கட்டும். தலையிலதான் பிடிக்க ஒண்ணுமில்லையே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிரலில் ஒரு வரி சேர்த்தாள்: காத்திருக்காதே, எது மிச்சமிருந்தாலும் நிறுத்து. மறுபடி ஷட்டவுன்.

திரையில் வரிகள் கொட்டின. நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டது. ஏசியின் உறுமல் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் பாதியில் அறுந்தது. டம்ளரில் கரண்டி மோதும் சத்தம் நின்றது.

“அண்ணா?”

திரும்பிப் பார்க்கப் பயந்து, அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“என்னடி இந்த நேரத்துல? சாப்ட்டி—”

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. குரல்தான் இல்லை. திரையில் இன்னொரு வரி. நிறுத்தப்பட்டது.

“அம்மா! பேசும்மா!”

மேசைக்கடியில் பாய்ந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். வயர் கையில். விசிறி ஓடியது. இப்போது வேகமாக. மூச்சிரைக்க.

எழுந்தாள். திரும்பினாள்.

தாடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்தபடி. சாய்ந்த டம்ளரிலிருந்து வழிந்த டீ, தரையைத் தொடாமல் காற்றில் தொங்கியது.

திரையில் பழைய வரி. ஒரு வேலை மிச்சம். காத்திருக்கிறேன்.

மூச்சை இழுத்தாள். விசிறி இழுத்தது. விட்டாள். அதுவும் விட்டது.

இரு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்தினாள்.

விசிறி நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக.

அவள் நெஞ்சு எரிய ஆரம்பித்தது.