ஊர்வியின் உண்ணாவிரதம்

"உண்மையைப் பாவின் ஒத்துக்கிற வரைக்கும் எனக்குச் சாப்பாடு வேண்டாம்!"

ஊர்வி தட்டைத் தள்ளி வைத்தாள். சுடச்சுடக் கிச்சடி. பக்கத்தில் மோர்க்குழம்பு மாதிரியான கடி. மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

குஜராத்தில் பர்தோலிக்கு அருகில் இருந்தது அந்த ஆசிரமப் பள்ளி. இன்னும் இரண்டு நாளில் காந்தி ஜெயந்தி. பிள்ளைகள் ராட்டையில் நூற்றுச் சுற்றிய நூல்கற்றைகளான சிட்டங்களைக் கோத்துத்தான் காந்தி பாபுவின் படத்துக்கு மாலை கட்டுவார்கள். ஊர்வியின் சிட்டத்தைக் காணவில்லை. கடைசியாக அவள் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பாவின்.

"நான் எடுக்கலை ஊர்வி. சத்தியமா" என்றான் பாவின்.

"திருடன் எவன்டா ஒத்துக்குவான்?" என்றான் பெரிய வகுப்பு ஜயந்த்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சரோஜ்பென் சூரத்துக்குப் போயிருந்தார். சமையல்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். ஊர்வி அசையவில்லை.

"பாபு மாதிரியே இருக்காடி!" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். ஊர்வி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

காலையில் கஞ்சியையும் தொடவில்லை. பாவின் வந்து உட்கார்ந்ததும் அந்த வரிசையே எழுந்து வேறு பக்கம் போய்விட்டது. மாலையைப் படத்துக்குப் போட அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "இனி நீ வேண்டாம். ஊர்வி போடட்டும்" என்றான் ஜயந்த்.

மதியம் பாவின் அவள் முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் எடுத்தேன். தொலைச்சிட்டேன். போதுமா? போய்ச் சாப்பிடு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஊர்வி நான்கு ரொட்டி சாப்பிட்டாள்.

சாப்பிட்ட கையோடு தன் மெத்தையை வெயிலில் போடப் போனாள். உதறியபோது மடிப்பிலிருந்து ஏதோ விழுந்தது.

அவளுடைய சிட்டம்.

யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அவளேதான் அங்கே செருகிவிட்டு மறந்திருந்தாள்! ஊர்விக்குக் காது சுட்டது. சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கிணறு பத்தடியில் இருந்தது. உள்ளே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

கிணறுவரை போனாள். கை நீளவில்லை. சிட்டத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பாவினைத் தேடினாள். அவன் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"நீ எடுக்கவே இல்லையே. ஏன் எடுத்தேன்னு சொன்னே?"

"நீ சாப்பிடலையே! மயக்கம் போட்டு விழுந்துடுவியோன்னு பயம்." பாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் ராத்திரி சோறு இறங்கலை. உன்னால கடி வீணாப் போச்சு."

ஊர்வி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மாட்டைப் பார்த்தாள்.

மாலைப் பிரார்த்தனை முடிந்தது. சரோஜ்பென் வந்துவிட்டிருந்தார். ஊர்வி எழுந்தாள்.

"சரோஜ்பென், நூல் என் மெத்தைக்குள்ளயே இருந்துச்சு. பாவின் எடுக்கலை. முதல்ல அவன் உண்மையைத்தான் சொன்னான். நான் பட்டினி கிடந்து அவனைப் பொய் சொல்ல வெச்சிட்டேன்."

ஜயந்த் பாயைப் பிராண்டிக்கொண்டிருந்தான். சரோஜ்பென் ஊர்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதுதான் இன்னும் கூசியது.

"மாலையைப் பாவின்தான் போடணும். அப்புறம்... தப்புக்குப் பிராயச்சித்தமா இன்னிக்கு ராத்திரியும் நான் சாப்பிட மாட்டேன்."

"ஐயோ, மறுபடியுமா!" பாவின் அலறினான். "வேண்டாம் தாயே! நீ பட்டினி கிடந்தா நானும்ல கிடக்கணும்!"

கூடமே சிரித்தது. ஊர்விக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

"அவன் சொல்றது சரிதான். வந்து சாப்பிடு" என்றார் சரோஜ்பென்.

சாப்பாட்டுக் கூடத்தில் பாவின் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். ஊர்வி தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் அமர்ந்தாள். இன்னும் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜயந்தும் தட்டோடு நகர்ந்து வந்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும்.

வரிசைகள் கலைந்து, கூடத்தின் ஒரே மூலையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சரோஜ்பென் யாரையும் கலைக்கவில்லை. கடி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கே போனார்.