ரப்பர் பொம்மையின் நாடி

பொம்மையின் கழுத்தில் நாடி அடித்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பயிற்சிப் பொம்மைதானே, குழாய் நுனியிலுள்ள ரப்பர் உருண்டையைப் பிசைந்தால் துடிக்கும். ஆனால் அந்த உருண்டை மேசைமேல் சும்மா கிடந்தது.

ஜெயபாரதி விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். தஞ்சாவூரிலிருந்து கிரியோல் பேசும் இந்தத் தீவுக்கு வந்து, ட்ரியோலே பக்கத்து ஆடை ஆலையில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நின்றுபோன இதயத்தை அழுத்தி ஓட்டும் முதலுதவிச் சான்றிதழ் இந்த மாதத்தோடு காலாவதி. புதுப்பிக்காவிட்டால் வேலை போச்சு, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த நேரத்தில் பிரமை வேறா?

"கொன்டினியே, மாம்செல்," என்றாள் தேர்வு நடத்த வந்த பியெரெட். தொடரச் சொல்கிறாள். சிரித்த முகக்காரி. மாற்று ஆள் வரும்வரை கையை எடுக்கக் கூடாது என்று விதியை ஒப்பித்தாள். அடுத்த அறையில் தொலைபேசி அடிக்கவே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனாள்.

நாடி இருக்கும் நெஞ்சை அழுத்தக் கூடாது என்பது முதல் பாடம். பொம்மைக்கு என்ன பாடம் என்று ஜெயபாரதி மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினாள்.

வெளியே நூற்றுக்கணக்கான தையல் மெஷின்கள் ஒன்றாக இரைய, துணியின் சாயவாடையும் மருந்து நெடியும் மத்தியான வெக்கையோடு அந்தச் சின்ன அறையில் தேங்கி நிற்க, உள்ளங்கைக்குக் கீழே ரப்பர் மெல்லச் சூடேறி, ஈரம் கசிந்து, சதை எழுவதைப்போல எழுந்தது. சீ, என் வியர்வைதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நிறுத்திக் கையைத் துடைத்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் பியெரெட் ரிசீவரை நழுவவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சரிந்தாள்.

ஜெயபாரதி பதறி எழப்போனாள். ஊன்றிய கை பொம்மையின் மார்பை அமுக்கியது. பியெரெட் நிமிர்ந்தாள். ஜெயபாரதி தொடர்ந்து அழுத்தினாள். பியெரெட்டின் முகம் தெளிந்தது. வெக்கை மயக்கம் என்று நினைத்திருப்பாள், ரிசீவரை எடுத்து மறுபடி பேசினாள். ஜெயபாரதி இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. பியெரெட்டின் உதடு நீலம் பாரித்தது.

அப்புறம் நிறுத்தவில்லை. கத்தினாள். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பத்து நிமிஷம். தோள்பட்டை இற்றுப்போனது.

பியெரெட் சிரித்துக்கொண்டே வந்தாள். "அரெதே, மாம்செல். ஊ ஃபின் பாசே." போதும், தேறிவிட்டாய்.

"நோன்! ஊ லெகேர்..." உங்கள் இதயம் என்றுதான் சொல்ல வந்தாள். அவளுடைய கிரியோல் கடைத்தெருவுக்குத்தான் காணும். பியெரெட் செல்லமாக அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துத் தூக்கினாள்.

சிரித்தபடியே விழுந்தாள்.

ஜெயபாரதி அவள் மார்பை அழுத்தினாள். பயனில்லை. பொம்மையிடம் தாவி அழுத்தினாள். பியெரெட்டின் இமை அசைந்தது.

கதவு திறந்தது. காவலாளி நாகலிங்கமும் ஒரு சூப்பர்வைசரும். தரையில் ஒருத்தி சாகக் கிடக்க, நர்ஸ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மையை அழுத்துகிறாள்.

"அக்கா, இது பொம்மை. மதாம் அங்கே," என்றான் நாகலிங்கம்.

"விடுங்கண்ணா, கையெடுத்தா அவங்க செத்துடுவாங்க."

நாகலிங்கத்துக்குத் தேவாரம் மனப்பாடம். பேசத் தெரிந்தது அந்த நாலு வார்த்தைதான், அவளுடைய பேச்சுத் தமிழ் புரியவில்லை. அவளை இழுத்துச் சுவரோடு அமுக்கிப் பிடித்தான். சூப்பர்வைசர் பியெரெட்டின் நெஞ்சில் கை வைத்து, கிரியோலில் எண்ணி எண்ணி, பிசகில்லாமல் அழுத்தினான்.

அவனுக்குப் பின்னால், யாரும் தொடாத பொம்மை ஒரு முறை வாயைத் திறந்து காற்றுக்கு ஏங்கியது. வாய் மறுபடி மூடவில்லை.