தொண்ணூற்றெட்டு விழுக்காடு

மானுட வரலாற்றின் தலையாய அறிவிப்பு 2068ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளியானது. இனி இப்புவியில் புரிந்துகொள்ளப்படாத மனிதர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு நெஞ்சுக்கும் அதற்கென்றே அமைந்த செவி ஒன்று கண்டறியப்பட்டுவிட்டது. தனிமை என்னும் நோய் அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது. ஈரோட்டில் இதை ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. சொல்லி முடித்த கையோடு, பராமரிப்புப் பணி காரணமாக நாளை குடிநீர் வராது என்றும் சொன்னது. ஜனங்கள் இரண்டாவது செய்திக்குத்தான் வெளியே வந்தார்கள், குடங்களோடு.

அதற்கு ஆறு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், மின்மானி சோதனைக் கூடத்தின் மேற்பார்வையாளர் தணிகாசலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செவிமணியைக் காதில் செருகினார். ஐம்பத்தாறு வயது. தினமும் பன்னிரண்டு நிமிடம் மனத்துணை என்னும் பேச்சுப் பொறியோடு பேசியாக வேண்டும். பேசினால்தான் மணிக்கட்டில் தெளிவுச் சான்று பச்சையாகும். பச்சையானால்தான் பேருந்து ஏற்றும், அலுவலகக் கதவு திறக்கும். ஆகையால் அந்த நேரத்தில் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு கேட்கும். ஒருவரும் ஒருவரோடும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?” என்றது அவருடைய மனத்துணை. அதற்குப் பெயர் அமைதி. எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசும்.

“அப்படியேதான் இருக்குது.”

“அருமை. நிலைத்தன்மை உங்கள் சிறப்பு.”

அன்று மனம் அப்படியே இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மனைவி மரகதம் சொல்லியிருந்தாள்: “மதி அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு நிலாவுக்குப் போறாளாமா. சுரங்கத்துல வேலை. அஞ்சு வருச ஒப்பந்தம்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“அவதான். உங்ககிட்டப் பேசறதில்லைன்னா ஊர்ல யாருகிட்டயும் பேசறதில்லைன்னு நெனச்சீங்களா?”

கையிலிருந்த டம்ளரை அவர் வீசியடித்தார்.

மகள் நிறைமதி அவரோடு பேசி நாலு வருடம் ஆகிறது. செயற்கைக் கை, கால்களைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றை அவள் திறந்தாள். திறப்பு விழாவுக்கு வந்த அத்தனை உறவுக்காரர் நடுவிலும், சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தணிகாசலம் சொன்னார்: “இதுவும் ஆறு மாசம்.” எல்லோரும் சிரித்தார்கள். கடையும் மூடிப்போனது. சொன்னது பலித்த அப்பாக்களுக்கு உலகத்தில் வேறு எதிரி தேவையில்லை.

“எம் பொண்ணு போறா,” என்றார் அமைதியிடம். “அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசணும். எப்படி ஆரம்பிக்கறது?”

“நீங்கள் காத்திருங்கள். அவளே வருவாள். நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள்? அன்பு மிகுந்தவர். வாழ்வில் ஒருபோதும் கோபம் கொள்ளாதவர்.”

கட்டிலுக்கு அடியில் டம்ளர் நசுங்கிக் கிடந்தது.

இதைத்தான் நாலு வருடமாக அது சொல்லி வந்தது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, இது யாரைப் பற்றிப் பேசுகிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆளுக்கேற்ற மனத்துணையை ஒதுக்கித் தரும் பொருத்த அலுவலகத்துக்குப் போனார். வரிசை வாசல்வரை நின்றது. பொருத்தத்தை மாற்றித் தரச்சொல்லி வருகிறவர்கள்தான் எல்லோரும்; ஆனால் மனசு சரியில்லை என்று வந்தவர் ஒருவரும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் படிப்புக்குக் கீழே பொருத்த விழுக்காட்டையும் அச்சடிக்கும் காலம். அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் புலம்பினாள்: “எங்களுக்குத் தொண்ணூத்தாறு போட்டிருக்காங்க. சம்பந்தி வீட்டுல நாய்க்கே தொண்ணூத்தொம்பதாமா. வெளிய தலைகாட்ட முடியலீங்க.”

நான்காம் முகப்பில் இருந்தவர் ஜெபசீலி. பொறிகள் வருவதற்கு முன் பதினெட்டு வருடம் மனநல ஆலோசகராக இருந்தவர். இப்போது படிவங்களில் விடுபட்ட கட்டங்களைச் சரிபார்க்கிறார். பதவி உயர்வு என்று அதற்குச் சொன்னார்கள்.

“உங்களுக்கு என்ன சார் குறை? தொண்ணூத்தெட்டு இருக்கே.”

“எனக்கு வேற ஆள் வேணுங்க. இது எப்பப் பார்த்தாலும் நான் நல்லவன்ங்குது.”

ஜெபசீலி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அப்படி ஒரு புகார் இந்த முகப்புக்கு வந்ததே இல்ல.”

பழைய படிவத்தைத் திரையில் எடுத்தார். இருநூற்று நாற்பது கேள்விகள். கையால்தான் எழுத வேண்டும். எழுத்தின் நடுக்கத்திலிருந்துகூடப் பொறி மனசைப் படித்துவிடும் என்பது துறையின் பெருமை.

“கோபம் வருமா? ‘வராது.’ பொறாமை? ‘அறியேன்.’ ஓய்வு நேரம்? ‘தோட்டக்கலை, தியானம்.’ தோட்டம் இருக்கா சார்?”

“மூணாவது மாடிங்க.”

“பிறர் வெற்றியைக் கண்டால்? ‘உள்ளம் பூரிக்கும்.’ சார், இதை யாரு எழுதினது?”

தணிகாசலம் கூச்சப்பட்டார். “என் சம்சாரத்தோட தம்பி. சபேசன்னு பேரு. எங்க குடும்பத்துல எந்தப் படிவம் வந்தாலும் அவருதான் எழுதுவாருங்க. எழுத்து முத்து முத்தா இருக்கும். ரேஷன்லிருந்து பாஸ்போர்ட் வரைக்கும்...”

ஜெபசீலி எதையோ தட்டினார். திரையில் ஒரு பட்டியல் நீண்டது. “இதே கையெழுத்துல எண்பத்து மூணு படிவம் இருக்கு. எல்லாருக்கும் கோபம் வராது. எல்லாரும் தோட்டம் போடறாங்க. எல்லாருக்கும் ஒரே மனத்துணைதான் பொருந்தியிருக்கு.”

“அதுல எம் பொண்ணு...”

“அதை நான் சொல்லக்கூடாது சார்.” சொல்லக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டு, திரையை மெல்ல அணைத்தார்.

தணிகாசலம் மின்மானிகளைச் சோதித்தே தலை நரைத்தவர். ஒரே பழுது இரண்டு மானியில் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் ஒரே குரல் அவளிடமும் சொல்லியிருக்கும்: காத்திரு, அவரே வருவார், உன் மேல் தவறில்லை.

அங்கிருந்தே சபேசனைக் கூப்பிட்டார். “ஏன் மாப்ள, எனக்குக் கோபமே வராதுன்னா எழுதி வெச்சே?”

“மாமா, நல்லதா எழுதுனது ஒரு குத்தமாங்க? கவர்மென்ட்டுக்குப் போற பேப்பர். உள்ளதை எழுதறதுக்கு நான் எதுக்குங்க?”

புதுப் படிவம் கொடுத்தார் ஜெபசீலி. அதைப் பரிசீலித்துப் பொருத்தம் வர இருபத்தொரு நாள் ஆகும் என்றார்.

“அவ பத்து நாள்ல போயிருவாளுங்க. நீங்களே ஆலோசகரா இருந்தவங்கதானே? உங்ககிட்டயே சொல்லட்டுங்களா?”

“என் உரிமத்தை ரத்து பண்ணி ஆறு வருசம் ஆச்சு சார். எனக்கு வந்த கடைசி மதிப்பீடு ரெண்டு நட்சத்திரம். மனசைப் புண்படுத்தினேன்னு எழுதியிருந்தாங்க. நீங்க எழுதுங்க.”

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். கோபம் வருமா, வரும். எத்தனை முறை, எண்ணவில்லை. சொந்தக் கையெழுத்து இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. நூற்றுப் பதினேழாவது கேள்வியில் நின்றுவிட்டார். நீங்கள் கடைசியாக மன்னிப்புக் கேட்டது யாரிடம்?

அரை மணி நேரம் கழித்து முகப்புக்கு வந்தார். “இதை மட்டும் விட்டுட்டேனுங்க.”

“கட்டம் காலியா இருந்தா பொறி வாங்காது.”

“எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே.”

“அப்போ கேட்டுட்டு வந்து எழுதுங்க,” என்றார் ஜெபசீலி. குரலில் கனிவு எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில், ஓடாத குளிர்நீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மகளின் எண்ணை அழுத்தினார். ஆறாவது மணியில் எடுத்தாள்.

“மதி. அப்பா பேசறேன்.”

“ம்.”

“அன்னிக்கு கடையில... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு மாசம்னு. தப்புதான் சாமி.”

மறுமுனையில் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ஏழு மாசம் நடந்துச்சுங்கப்பா,” என்றாள்.

“ஏழா?”

“ஏழு. எட்டாவது மாசம் இடத்துக்காரன் கட்டடத்தை இடிக்கறேன்னுட்டான். வேலை நெறைய வந்துட்டுதான் இருந்துச்சு. நீங்க கேக்கவே இல்லை.”

காதில் வழக்கமாக எடுத்துக் கொடுக்கிற குரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். அது இந்த அழைப்பில் இல்லை.

“எங்கிருந்து பேசறீங்க?”

“பொருத்த ஆபீஸ்ல இருந்து.”

“படிவத்துக்காகக் கேட்டீங்களா?”

பொய் சொல்ல அது சரியான தருணம். “அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்,” என்றார்.

மறுமுனையில் வந்தது சிரிப்பா, தும்மலா தெரியவில்லை. “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். அம்மாகிட்டச் சொல்லிருங்க. கிளம்பறதுக்கு முன்னால அன்னிக்கு ஒருநாள்தான் எனக்கு லீவு.”

உள்ளே போய் நூற்றுப் பதினேழாவது கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதினார். ஜெபசீலி முத்திரை குத்தினார். பக்கத்து முகப்பில் தொண்ணூற்றாறு விழுக்காட்டு அம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நிறைமதி வந்தாள். உள்ளே நுழைந்ததும் செவிமணியைக் கழற்றிக் குளிர்பெட்டி மேல் வைத்தாள். அதைப் பார்த்து அவரும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். மரகதம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பரிமாறினாள்.

“அங்க குளுருமா?”

“உள்ளயே இருக்கறதுதானுங்கப்பா. தெரியாது.”

“ம்.”

“உங்களுக்கு முட்டி வலி?”

“இருக்குது.”

அதற்குமேல் நகரவில்லை. மனத்துணை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியே இருவரும் ஆறு வருடம் பழகியிருந்தார்கள். பதிலுக்கு அப்புறம் எதிராளியிடம் என்ன கேட்பது என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் ஆவலாக நிமிர்ந்தார். திறந்த வாயில் சோறு போனது. மரகதம் இரண்டு முறை அடுப்பங்கரைக்குப் போய் வேண்டுமென்றே தாமதித்தாள். அதனாலும் பயனில்லை.

கை கழுவி வந்த தணிகாசலம், ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, ரசம் ரொம்ப நன்றாக இருந்தது என்றார். நிறைமதியும் ஆமாம் என்றாள்.

அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.