போயிட்டு வரேன்

முதல் நாள் காலை அறையைப் பூட்டும்போது, வீட்டுப் பழக்கத்தில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்தது.

சாவியைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். கதவை மறுபடி தள்ளிப் பார்த்தாள். கட்டில், பனி படிந்து வெளியே எதுவும் தெரியாத ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி ஓடும் வெந்நீர்க் குழாய். அவ்வளவுதான். இந்தக் குளிர்நாட்டு அறைகளைச் சூடாக்க அப்படியொரு குழாய் ஓடும், அது முக்கும், முனகும், பயந்துவிடாதீர்கள் என்று பேராசிரியை விமானத்திலேயே சொல்லியிருந்தார். ஆளில்லாத அறையிடம் விடைபெறுகிற முதல் மாணவி நீதான் என்று தன்னையே கேலி செய்துகொண்டு பூட்டினாள்.

விடைபெறும் விஷயத்தில் அவள் அம்மா கறார். வீட்டில் இருப்பது அம்மாவும் அவளும்தான். விமான நிலையத்து வாசலில், அவசரத்தில் "போறேன்மா" என்று அவள் சொல்லிவிட, அம்மா அத்தனை கூட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன வார்த்தை இது? போயிட்டு வரேன்னு சொல்லு." திரும்பச் சொன்ன பிறகுதான் கையை விட்டாள். அம்மாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது, எப்படியாவது நல்லபடியாகத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

கட்டடக்கலை மாணவர்கள் அவர்கள். மூடிக்கிடக்கும் பழைய துணி ஆலை ஒன்றை அளந்து வரைபடம் போட வந்திருந்தார்கள். தங்கிய வீடும் பழையதுதான். அறைக்கு இரண்டு பேர் என்று பிரித்ததில் அவள் மட்டும் மிஞ்சினாள். மாடியின் கோடியில் இருந்த ஒற்றை அறை அவளுக்கு வந்தது. வீட்டுக்காரம்மா சாவியை வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இந்த ஊரில் யாருமே சொல்லிக்கொண்டு போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடைக்காரர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆலைக் காவலாளி, எல்லோரும் சட்டென்று திரும்பிப் போனார்கள். தெருவில் ஒரு ஹாரன் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. காதுகள் இரண்டும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன. மாலை நாலு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்ததுபோல இருட்டிவிடும்.

அந்த அமைதிக்குப் பயந்துதான் அறைக்குள் நுழைந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, ஆலையின் அளவுகளை வரைந்துகொண்டிருப்பாள். அம்மாவின் குரல் அறை முழுக்க நிரம்பும். சாப்பிட்டியா, காதை மூடிக்கோ, எப்ப வருவே. நடுவில் அங்கே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும். "மோட்டார் ஓடுது. நீ இரு, நான் போயிட்டு வரேன்" என்று அம்மா ஓடுவாள். அவள் வெறும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காத்திருப்பாள்.

மறுநாளும் "போயிட்டு வரேன்" என்றாள், இந்த முறை வேண்டுமென்றே. "ம்." அதற்கு அடுத்த நாளும். அதன்பின் ஒரு நாள், பூட்டும் நேரத்தில், ஜன்னல் பக்கமிருந்து மெதுவாக, பேசிப் பழகாத நாக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுப்பதுபோலக் கேட்டது.

"எப்ப... வருவே?"

படிகளில் இறங்கியது அவளுக்கு நினைவில்லை. தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைத் தோழிதான் உலுக்கினாள். வகுப்பில் அந்தத் தோழிக்கு வாயாடி என்று பெயர். உயரமாய் ஒல்லியாய் இருக்கும் இவளுக்கு ஒட்டடை என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

"குழாய் தமிழ் பேசுதா? பரவாயில்லையே, எங்க ரூம் குழாய்க்கு ஒண்ணும் தெரியல" என்று வாயாடி சிரித்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி உன் குரல் இப்படிக் கம்மிப்போச்சு?"

அப்போதுதான் கவனித்தாள். குரல் தேய்ந்திருந்தது. அன்று ஆலையில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களுக்கு அவள் கத்திச் சொன்ன எண்கள் போய்ச் சேரவில்லை. மாலைக்குள் பாதிதான் மிச்சம். சளி பிடித்திருக்கிறது என்றார் பேராசிரியை. வெந்நீர் குடி என்றாள் போனில் அம்மா. அவளும் சளி என்றே நம்பினாள், அறைக்குத் திரும்பி விளக்கைப் போடும் வரை. உள்ளே ஈரச் சுவரின் வாசனைதான் எப்போதும் இருக்கும். அன்று அதன்மேல் இன்னொன்று. அவள் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனை. குளிரில் உறைந்துவிட்டதென்று வந்த அன்றே அந்தப் புட்டியை மூடிப் பெட்டியின் அடியில் போட்டிருந்தாள். அதன்பின் அவள் எண்ணெய் வைத்ததே இல்லை. தலையணையில், அவள் படுக்காத சுவர்ப்பக்கத்தில், ஒரு தலை அழுந்திய பள்ளம் இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். அதே எண்ணெய்தான்.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு வாயாடியின் அறைக்கு ஓடினாள். போகும்போது எதுவும் சொல்லவில்லை. மீதி நாட்களும் அங்கேயே இருவரும் ஒரே கட்டிலில் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். ஒருமுறை மட்டும், பட்டப்பகலில், மாற்றுத்துணி எடுக்க அறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும், காதுக்கு அருகில், கோபம் இல்லாமல், வெறும் மனத்தாங்கலோடு ஒரு பெண்குரல் சொன்னது:

"சொல்லாம போயிட்டியே."

தடங்கலே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் சுத்தம். அது யாருடைய குரல் என்று புரிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனென்றால் சில நாட்களாக அவள் அதைக் கேட்கவே இல்லை. அவள் குரல்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. நாலு மணி இருட்டில் பேருந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவள் பெட்டியும் கோட்டும் இன்னும் அந்த அறையில்; இத்தனை நாளும் வாயாடியின் ஸ்வெட்டரிலேயே ஓட்டியிருந்தாள். வாயாடியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாயாடி அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கினாள். "நான் இத எறக்கறேன். நீ கோட்ட மாட்டிக்கிட்டு சீக்கிரம் வா ஒட்டடை" என்று சொல்லி, பெட்டி படிக்குப் படி இடிக்க இறங்கிப்போனாள்.

கோட்டு கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. அதை எடுக்க ஓர் அடி உள்ளே வைத்தால் போதும். தோளில் இருந்த கைப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கோட்டின் கையைப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டியதுபோல.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கியதாகத் தோன்றியது. தினமும் வரேன், வரேன் என்று சொன்னது தான்தானே. வாக்குக் கொடுத்தால் காத்திருக்கத்தான் செய்யும். அந்த வாக்கை முறித்துவிட்டால் போதும். வாயில் வரவே கூடாது என்று அம்மா சொன்ன வார்த்தை. மன்னிச்சுக்கோம்மா என்று நினைத்துக்கொண்டு, தொண்டையில் மிச்சமிருந்த குரலை எல்லாம் திரட்டி அறையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போறேன்."

அந்தக் கடைசிச் சத்தமும் அவளைவிட்டுப் போனது. போனது தெரிந்தது.

குழாயின் முனகல் நின்றது.

எண்ணெய் வாசனை பக்கத்தில் வந்தது. மிகப் பக்கத்தில். கையிலிருந்த கோட்டின் கை மெதுவாக இழுபட்டது. வெடுக்கென்று அல்ல, கேட்டு வாங்குவதுபோல. விரல்கள் விட்டுவிட்டன. இருட்டில் துணி உரசியது. ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை. பொத்தான்கள். கொக்கியிலிருந்து கைப்பை எழுந்தது.

ஓடு என்றது மனது. கால்கள் கேட்கவில்லை. முதுகு ஜன்னலோரச் சுவரில் பட்டது. அவள் பின்னால் நகரவே இல்லை.

வாசலில், வராந்தா வெளிச்சத்தில், உயரமாய் ஒல்லியாய் அவளே நின்றாள். கோட்டைச் சரிசெய்துகொண்டாள். பைக்குள் போன் அடித்தது. எடுத்து, "கெளம்பிட்டேன்மா" என்றாள். "குரலா? சரியாயிடுச்சும்மா."

கீழேயிருந்து வாயாடி கத்தினாள். "ஒட்டடை! வாடி, பஸ் போயிடும்!"

"தோ வந்துட்டேன்!"

சாவியைக் கையில் எடுத்தவள் ஒரு நிமிடம் தயங்கி, அறைக்குள் பார்த்தாள். குழந்தையை வீட்டில் விட்டுப் போகிறவளின் முகம். அம்மாவின் அதே அவசரம், அம்மாவின் அதே பரிவு.

"நீ இரு," என்றாள். "நான் போயிட்டு வரேன்."

உள்ளே சுவரோடு ஒட்டியிருந்தவள் அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள்.

"ம்" என்று மட்டும் வந்தது.

சாவி திரும்பியது.