சுவருக்குப் போட்ட சட்டை

மலையூரான வட்டவடையில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்குள்ள தேங்காய் எண்ணெயைக் கேட்டால் தெரியும். குப்பிக்குள் கல்லாகிக் கிடக்கும். ஷீனாவுக்கு அது பழகிப்போன குளிர். ஆனால் அவளுடைய தம்பி பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பாவம், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. அறைக்குள் நெருப்பு வைத்தால் புகையில் இருமினான்.

அம்மா வனிதா பிறந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. அங்கே இவ்வளவு குளிர் கிடையாது.

"ஏனுங்க, பையனத் தூக்கிட்டு எங்கூருக்கே போயிர்றனுங்க. பங்குனி பொறந்ததும் வாறேன். ஞாயித்துக்கெழம அண்ணன் ஜீப் எடுத்துட்டு வர்றாருங்க" என்றார் அம்மா.

அப்பா தலையாட்டினார். ஷீனா இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். பள்ளிக்கூடம் இருப்பதால் அவளால் கூடப் போக முடியாது. பங்குனி வரை அம்மாவும் தம்பியும் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது?

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. காற்று நுழையக் கூடாது என்று வெளிப்பக்கத்தில் தெற்குச் சுவரையும் ஜன்னலையும் சேர்த்து நீலத் தார்ப்பாயால் மூடி ஆணி அடித்திருந்தார். அறை இருட்டானதுதான் மிச்சம்.

அன்று மாலை ஷீனா பூண்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் போய்விட்டது. ஆனாலும் முதுகுக்கு இதமாக இருந்தது. திரும்பிச் சுவரைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஓடிப்போய் வீட்டின் தெற்குச் சுவரில், தார்ப்பாய்க்குள் கையை விட்டாள். சில்லென்று இருந்தது.

இரண்டும் மண்சுவர்தான், இரண்டும் தெற்குப் பார்த்தவைதான். கொட்டகைச் சுவர் பகலெல்லாம் வெயிலை வயிறு முட்டக் குடித்திருக்கிறது. வீட்டுச் சுவரை மட்டும் பட்டினி போட்டிருக்கிறோம்!

"அப்பா, தார்ப்பாய எடுத்திரலாமா?"

"எடுத்தா காத்து உள்ள வந்து குடியேறிருமே பிள்ள."

அதுவும் நியாயம்தான். வெயில் வர வேண்டும், காற்று வரக் கூடாது. அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? ஷீனாவுக்கு அடுத்த வயல் சாந்தம்மாள் அத்தையின் ஸ்ட்ராபெரிக் கூடாரம் நினைவுக்கு வந்தது. பிளாஸ்டிக் ஷீட் போட்ட அந்தக் கூடாரத்துக்குள் போனால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்.

"அத்தை, கூடாரத்து ஷீட் மிச்சம் இருக்கா? எங்க வீட்டுச் சொவருக்குச் சட்ட போடணும்."

விஷயத்தைக் கேட்ட சாந்தம்மாள் சிரித்தார். "நான் காலொடிஞ்சு கெடந்தப்ப உங்கம்மா தான தினமும் கஞ்சி கொண்டாந்தா. எடுத்துட்டுப் போ தாயி. வேணும்னா நானும் வாறேன்."

மறுநாள் அப்பா, அத்தை, ஷீனா மூவரும் வேலையில் இறங்கினார்கள். தார்ப்பாய் கீழே வந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சட்டங்கள் நட்டு, தண்ணீர்போலத் தெளிந்த ஷீட்டை இழுத்துக் கட்டி, ஓரங்களை அடைத்தார்கள்.

"எங்களையெல்லாம் ஸ்ட்ராபெரியாக்கப் போறியா?" என்று அப்பா கேலி செய்தார்.

பகலில் ஜன்னலைத் திறந்தால் ஷீட்டுக்குள் சேர்ந்த சூடு அறைக்குள் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் அம்மா நம்பவில்லை. துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அண்ணன் குப்பண்ணன் மாமா ஜீப்பில் வந்து சேர்ந்தார். குரங்குக் குல்லா, மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் என்று மூட்டையாக வந்தவர் அறைக்குள் தெற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். மஃப்ளரை எடுத்தார். குல்லாவைக் கழற்றினார். பிறகு ஒரு ஸ்வெட்டரையும் கழற்றினார்.

"ஏனுங்க மாப்ள, இப்பிடி வேர்க்குது? அடுப்ப எங்க வெச்சிருக்கறீங்க?"

"அடுப்பு இல்ல மச்சான். எல்லாம் உங்க மருமக போட்ட சட்டைதான்" என்றார் அப்பா.

அம்மா தம்பியைப் பார்த்தார். அவன் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, ஒழுகாத மூக்கோடு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஷீனாவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நல்லாருப்ப சாமி" என்றார். "அண்ணா, நான் வரலீங்க. ஷீட்டுக் குடுத்த சாந்தக்காளுக்கும் ஒரு வாய் காப்பி குடுக்கோணும்."

"அப்ப ஜீப்பு காலியாவா போவுது?"

"கேரட் ஏத்தி அனுப்புறேன் மச்சான்" என்றார் அப்பா.

ஷீனா பெட்டியைத் திறந்தாள். தம்பியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இதுவரை எந்த வீட்டு வேலையும் செய்ததே இல்லை.